ஆதன்: ஒரு பெயரும் அதன் ஆந்தையும்

என் மகனின் பெயர் ஆதன். அந்தப் பெயரை முதன்முறையாகக் கேட்பவர்களில் பாதிப் பேர் "ஆதவனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். "இல்லை, நடுவில் வ கிடையாது" என்று சொன்னால், எழுத்தை விழுங்கிவிட்டுப் பெயர் வைத்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதற்கு என்ன அர்த்தம்?" என்று அடுத்த கேள்வியை எடுப்பார்கள். ஐந்து ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குத் திருமண வீடுகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் அரைகுறையாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால், ஒரு முறையாவது நிதானமாக உட்கார்ந்து முழுப் பதிலையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதில் நீளமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை எளியது. குழந்தை பிறந்தது கார்த்திகை நட்சத்திரம். அ, இ, உ, எ ஆகிய எழுத்துகளில் ஒன்றில் பெயர் தொடங்கினால் நல்லது என்று மாமியார் சொல்லியிருந்தார். நட்சத்திரத்தில் எனக்குப் பெரிய பற்றும் இல்லை, பெரிய பகையும் இல்லை. தேடுகிற பரப்பைக் குறைத்துக் கொடுக்கும் எந்த விதியும் அந்த நேரத்தில் வரவேற்கத்தக்கதாகவே இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2019 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கீழடி நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கையை வெளியிட்டிருந்தது. அந்த அறிக்கையின் பானை ஓட்டுப் படங்களை நானும் மனைவியும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றில் ஓர் ஓட்டின்மேல் கீறப்பட்டிருந்த பெயர்தான் ஆதன். மனைவி ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். மறுமுறை, யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதுபோல் இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். கூப்பிடுவதற்கு நன்றாக இருந்தது. பட்டியலில் இருந்த மற்ற பெயர்களை அன்றோடு மறந்துவிட்டோம்.

எதிர்ப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. என் அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தமிழ்ப் பெயர் என்றதும் மகிழ்ந்தவர், மறுநாள் காலையில் அகராதியுடன் வந்து நின்றார். ஆதன் என்பதற்கு எதிரே அறிவில்லாதவன் என்றும் குருடன் என்றும் போட்டிருந்தது. "பேரனை ஊரறிய அறிவிலி என்று கூப்பிடச் சொல்கிறாயா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பின்னால் நான் படித்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் படித்தவையே.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆதர் என்ற பன்மை வடிவம் பிற்காலப் பாடல்களில் அறிவிலார் என்ற பொருளில் வருகிறது. அதே அகராதிகள் ஆதன் என்பதற்கு உயிர் என்ற பொருளையும் தருகின்றன. அது ஆன்மா என்ற சொல்லோடு தொடர்புடையது என்பர். ஆனால் சேர மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு சொல்லுக்கு, அந்த மன்னர்கள் வாழ்ந்த நாளில் அறிவிலி என்ற பொருள் இருந்திருக்க முடியாது. பெயர் முன்னே பிறந்தது, இழிபொருள் பின்னே வந்து ஒட்டியது என்பதே பொருத்தமாகப் படுகிறது. எப்படி ஒட்டியது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. ஊகம் என்ற அளவிலேயே சொல்கிறேன். ஊரில் மிகுதியாகப் புழங்கும் பெயர்தான் எளிதில் மலிவுபடும். குப்பனும் சுப்பனும் அப்படித்தான் 'யாரோ எவரோ' என்ற பொருளுக்கு இறங்கினார்கள். தெருவுக்கு நான்கு ஆதன் இருந்த காலம் ஒன்று இருந்து, பிறகு அந்தப் பெயர் வழக்கொழிந்து பழம்பாணியாகத் தோன்றத் தொடங்கியபோது, பட்டிக்காட்டான், விவரமறியாதவன் என்ற சாயல் அதன்மேல் படிந்திருக்கலாம். சாத்தன் என்ற பெயருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். மணிமேகலையைப் பாடியவர் பெயர் சாத்தனார். குட்டிச்சாத்தானுக்கும் விவிலியத் தமிழின் சாத்தானுக்கும் பிறகு, இன்று அந்தப் பெயரைப் பிள்ளைக்குச் சூட்ட யாருக்குத் துணிவு வரும்? அந்த அளவில் ஆதன் தப்பித்தான் என்றே சொல்ல வேண்டும்.

இணையத்தில் குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. எந்தப் பெயருக்கும் ஒரு சொல்லில் பொருள் எழுதியாக வேண்டும் என்பது அவர்கள் தொழில் விதி. ஆகையால் ஆதவனின் சுருக்கம், எனவே சூரியன் என்கிறார் ஒருவர். அத்தன் என்பதோடு சேர்த்துத் தந்தை என்கிறார் வேறொருவர். தலைவன் என்கிறார் இன்னொருவர். பொருள் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் தமிழில் எதையும் பிரித்துப் பொருள் சொல்லிவிடலாம். கும்பகோணம் அருகே ஆதனூர் என்ற வைணவத் திவ்யதேசம் இருக்கிறது. அங்கே காமதேனு தவம் செய்ததாகத் தலபுராணம் கூறுவதால், ஆ தன் ஊர் என்று பிரித்துப் பசுவின் ஊராக்கிவிட்டார்கள். அழகான பிரிப்புதான். என் மகனை அந்த முறையில் பிரித்தால் 'பசு தன்' என்று பாதியில் நிற்பான்.

தொல்காப்பியம் இந்த வேலையில் இறங்கவில்லை. அது ஆதனை எடுத்து ஆளும் இடத்தில் இயற்பெயர் என்ற வகையில் வைக்கிறது. குடியால், தொழிலால், உறுப்பால், ஊரால் வரும் பெயர்கள் காரணம் சொல்லும்; இயற்பெயர் ஆளைச் சுட்டும், அவ்வளவே. என் அப்பத்தாவின் தலைமுறையில் யாரும் யாரிடமும் பெயருக்குப் பொருள் கேட்டதாக நினைவில்லை. தாத்தன் பெயர் பேரனுக்கு, குலதெய்வத்தின் பெயர் தலைப்பிள்ளைக்கு என்று முறை இருந்தது. பேரன் என்ற சொல்லையே பெயரன் என்பதன் திரிபாகத்தானே சொல்கிறோம். பெயர் யாரிடமிருந்து வந்தது என்பதே கேள்வியாக இருந்தது, என்ன பொருள் என்பதன்று. பொருள் கேட்கும் பழக்கம் நம்மிடையே பரவியதில் தனித்தமிழ் இயக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனதும், வேதாசலம் மறைமலை ஆனதும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பால் நடந்தவை. பொருள் தெரிந்த பெயரைத்தான் மொழிபெயர்க்க முடியும். அந்த வழியில் வந்த அறிவழகன், தமிழ்ச்செல்வன், கதிரவன் போன்ற பெயர்கள் ஒளிவுமறைவு இல்லாதவை. கேட்டவுடனே பொருள் விளங்கும். வரலாற்றிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட இளங்கோ, நெடுஞ்செழியன் போன்றவைகூடப் பாடநூல் வழியாக எல்லோருக்கும் பழகியவை. ஆதனுக்கு வெளிப்படையான பொருளும் இல்லை, பாடநூல் புகழும் இல்லை. திராவிட இயக்கம் உச்சத்தில் இருந்த 1950களிலும் 60களிலும் எத்தனையோ பழம்பெயர்கள் திரும்பி வந்தபோது இவன் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

சரி, ஒரு காலத்தில் இந்தப் பெயர் எவ்வளவு பரவலாக இருந்தது? இன்றைய பெயர்களுக்கே இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் விடை கிடையாது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. 1880 வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். இங்கே பிறப்புப் பதிவு நடக்கிறதே தவிர, பெயர்வாரியான பட்டியல் வெளிவருவதில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தெருவில் எத்தனை ஆதன் என்று தெரியாத நாம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தெருக்களைப் பற்றி ஓரளவு நம்பிக்கையோடு பேசலாம். அதற்குச் சான்று பானைகள்.

கீழடி மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையில் இருக்கிறது. நான்காம் கட்டத்தில் மட்டும் தமிழ்-பிராமி எழுத்துள்ள 56 பானை ஓடுகள் கிடைத்ததாக அறிக்கை கூறுகிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது; அதைக் கொண்டு எழுத்தின் காலத்தையும் அவ்வளவு பின்னே தள்ளலாமா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இருக்கிறது. என் மகனுக்காக ஒரு நூற்றாண்டைக் கூடுதலாகக் கேட்டு வாதாடும் எண்ணம் எனக்கில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் பெயர் போதுமான அளவு பழையதே. ஓடுகளில் 'ஆதன்' என்று தனித்தும், 'குவிரன் ஆதன்' என்று சேர்ந்தும் வருகிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலுக்குப் போனால் அங்கே 'கண்ணன் ஆதன்' இருக்கிறான். இரண்டும் வெவ்வேறு ஆற்றங்கரைகள், நடுவில் நெடுந்தொலைவு, பெயர் மட்டும் ஒன்று.

இந்தக் கீறல்களில் என்னை மிகவும் கவர்ந்தது அவற்றின் கையெழுத்து. அரசாணை எழுதிய கல்தச்சனின் சீரான எழுத்து அதில் இல்லை. பானையை வாங்கி வந்தவர்கள் கூரான எதையோ கொண்டு, ஒருவர் கோணலாக, ஒருவர் நெருக்கமாக, ஒருவர் இடம் போதாமல் வளைத்து, தங்கள் பெயரைத் தாங்களே கீறியிருக்கிறார்கள். என் அம்மாவின் சீர்வரிசைப் பாத்திரங்களில் ஒன்றுகூடப் பெயர் வெட்டாமல் இல்லை. அண்டா முதல் எண்ணெய்க் கரண்டி வரை அவர் பெயரும் தேதியும் இருக்கும். விருந்துக்கு இரவல் போன பாத்திரம் வேறு வீட்டில் தங்கிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். கீழடியில் பானையில் கீறியவருக்கும் அதைவிடப் பெரிய நோக்கம் இருந்திருக்கத் தேவையில்லை.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அசோகனின் பிராமியில் இல்லாத நான்கு எழுத்துகளைத் தமிழுக்கென்று சேர்த்துக்கொண்டார்கள்: ழ, ள, ற, ன. ஆதன் என்ற மூன்றெழுத்துப் பெயரின் கடைசி எழுத்து அந்த நான்கில் ஒன்று. அந்த நாளில் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லாததால், கண்ணுக்குத் தெரிவது ஆ, த, ன என்ற மூன்று எழுத்துகள்தாம். படிப்பவர்தான் புள்ளியை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

'குவிரன் ஆதன்' என்பதைக் குவிரன் மகன் ஆதன் என்று கொள்வதே இயல்பாகத் தோன்றுகிறது. தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. நாம் இன்று முன்னெழுத்தாகச் சுருக்கிப் போடுவதும் அதே வரிசையில்தான். குவிரன் என்பதைக் குபேரன் என்ற வடசொல்லின் திரிபாக அறிஞர் கொள்வர். அப்படியானால், தந்தையின் பெயருக்குப் பொருள் தெரிகிறது, மகன் பெயருக்குத் தெரியவில்லை. என் நிலையும் ஏறத்தாழ அதுவே.

பானைகளிலிருந்து கல்லுக்கு வந்தால் ஆதன் அரசனாகிவிடுகிறான். கரூர் மாவட்டத்தில் வேலாயுதம்பாளையத்தை ஒட்டி ஆறுநாட்டார் மலை இருக்கிறது. முருகன் கோயிலுக்குப் படியேறிச் செல்லும் கூட்டத்தில் பலர், பாதி வழியில் குகைத்தளத்தில் சமண முனிவருக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இருப்பதைக் கவனிப்பதே இல்லை. அங்குள்ள புகளூர்க் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரரை ஒரே மூச்சில் சொல்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பேரன் இளவரசுப் பட்டம் ஏற்றபோது யாற்றூர்ச் செங்காயபன் என்ற முதிய சமணத் துறவிக்கு வெட்டிக் கொடுத்த உறைவிடம் அது. கல்வெட்டின் ஆதனை, சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துத் தலைவனாகிய செல்வக்கடுங்கோ வாழியாதனாக அறிஞர் பலர் அடையாளம் காண்கிறார்கள். பாட்டும் கல்லும் இப்படிக் கைகோத்துக்கொள்ளும் இடங்கள் சங்க வரலாற்றில் மிகச் சில. மகனுக்கு மூன்று வயதானபோது அவனைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினேன். அவனுக்கு அங்கிருந்த குரங்குகளைத்தான் பிடித்திருந்தது.

வாழியாதனைப் பாடியவர் கபிலர். பாரி இறந்த துயரோடு வந்த புலவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பத்துப் பாடல்களுக்கு வேறொரு கனம் வரும். பாடி முடித்தவருக்கு அரசன் காணம் என்னும் பொற்காசு நூறாயிரம் கொடுத்ததோடு, நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று கண்ணுக்கு எட்டிய நாட்டையெல்லாம் காட்டிக் கொடுத்தான் என்று பதிகம் கூறுகிறது. எனக்கு அதைவிடப் புறநானூற்றின் 14ஆம் பாட்டுக்குப் பின்னால் உள்ள நிகழ்ச்சியே பிடிக்கும். அரசன் கபிலரின் கையைப் பற்றிப் பார்த்து, 'உங்கள் கை மென்மையாக இருக்கிறதே' என்கிறான். களிற்றை அடக்கியும் வில்லை வளைத்தும் உன் கை வன்மையாயிற்று; உன்னைப் பாடுவோரின் கை, ஊனும் சோறும் உண்டு வருந்தும் தொழிலைத் தவிர வேறொன்றும் அறியாததால் மென்மையாயிற்று என்று கபிலர் பதில் சொல்கிறார். எதிரில் இருப்பவனின் கையைத் தொட்டுப் பார்த்து வியக்கிற அரசன் ஒருவனின் பெயரை என் மகன் சுமக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சேரர் பெயர்களில் ஆதன் அடுக்கடுக்காக வருகிறது. சேரலாதன் என்பதைச் சேரல், ஆதன் என்றே பிரிக்கிறார்கள். பாரதப் போரில் பெருஞ்சோறு அளித்தவனாகப் பாடப்படும் உதியஞ்சேரலாதன், இமயத்தில் வில் பொறித்ததாகச் சொல்லப்படும் நெடுஞ்சேரலாதன், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், வெண்ணியில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்து உயிர்விட்ட பெருஞ்சேரலாதன் என்று வரிசை நீளும். ஆனாலும் அது அரசருக்கே உரிய பட்டம் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. வேங்கடத்துத் தலைவன் ஒருவன் ஆதனுங்கன். "என் நெஞ்சைத் திறந்து பார்ப்பவர்கள் அங்கே உன்னைக் காண்பார்கள்" என்று கள்ளில் ஆத்திரையனார் அவனிடம் சொல்கிறார். வாழியாதனைப் பாடிய இன்னொரு புலவரின் பெயரே குண்டுகட் பாலியாதனார். பாடியவரும் ஆதன், பாடப்பட்டவனும் ஆதன். ஐங்குறுநூறு தொடங்குவதே இந்தப் பெயரோடுதான். 'வாழி ஆதன் வாழி அவினி' என்ற அடி முதல் பத்துப் பாடல்களிலும் முதலடியாக வந்துகொண்டே இருக்கிறது. 'நெல் பல பொலிக, பொன் பெரிது சிறக்க' என்று தலைவி வேண்டிக்கொள்வது அதன் தொடர்ச்சி. ஆதன் அவினி என்று ஒருவனாகவே அவனைக் கொண்டு, சேர மரபினன் என்பார்கள். தன் குடும்பத்துக் கவலையைப் பின்னே தள்ளிவிட்டு நாட்டையும் நெல்லையும் முதலில் வாழ்த்தும் பெண்ணின் வாயில் இந்தப் பெயர் பத்து முறை வருகிறது. அம்மாவின் அகராதிக்கு நான் முதலில் வைத்த எதிர்வாதம் இந்த வரிதான். "அறிவிலி வாழ்க என்றா பாடியிருப்பார்கள்?" என்று கேட்டேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பாதி இறங்கி வந்துவிட்டார் என்று தெரிந்தது.

முழுதாக இறக்கியது இலக்கணம்.

பிசிராந்தையாரை எல்லோருக்கும் தெரியும். கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்த இடத்துக்குத் தேடி வந்து தானும் உயிர் துறந்தவர். ஆண்டு பலவாகியும் நரை ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. பள்ளியில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், புலவர் பெயரில் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது என்று பின்வரிசையில் சிரிப்பு எழும். என் வகுப்பிலும் எழுந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆந்தை பறவை இல்லை என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. ஆதன் தந்தை என்பதன் சேர்ந்த வடிவம் ஆந்தை. பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதன் என்பவனுடைய தந்தை என்பதே அந்தப் பெயரின் விரிவு.

இந்தச் சேர்க்கைக்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் விதி வகுக்கிறது. ஒருவனின் இயற்பெயருக்குப் பின் தந்தை என்ற முறைப்பெயர் வந்தால், தந்தை என்பதன் முதல் தகர மெய் கெட்டு அந்தை என்று நிற்கும். இயற்பெயரின் இறுதி அன் கெடும். சாத்தன் தந்தை சாத்தந்தை ஆவான், கொற்றன் தந்தை கொற்றந்தை ஆவான். இந்தக் கணக்குப்படி ஆதன் தந்தை 'ஆதந்தை' ஆக வேண்டும். ஆனால் அடுத்த நூற்பா 'ஆதனும் பூதனும்' என்று இரண்டே இரண்டு பெயர்களைத் தனியே எடுத்து, இவற்றில் பெயரின் ஒற்றும் பின்வரும் அகரமும் சேர்ந்தே கெடும் என்கிறது. எனவே ஆந்தை, பூந்தை.

எத்தனையோ பெயர்கள் இருக்க, இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் தனி விதி? நாள்தோறும் பலர் வாயில் புரள்கிற சொல்தான் அதிகமாகத் தேயும். தகப்பனார் என்பது தோப்பனார் ஆனதும், 'வந்துகொண்டிருக்கிறான்' என்பது பேச்சில் 'வந்துட்ருக்கான்' என்று உருண்டு திரண்டதும் அப்படித்தான். அரிதான சொல் தேயாது; தேய்க்க ஆள் இருக்காது. ஆதந்தை என்ற வடிவத்தைக்கூடப் பொறுக்காமல் ஆந்தை என்று கரைத்துவிடும் அளவுக்கு ஊரெங்கும் ஆதனின் தந்தைகள் இருந்திருக்கிறார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன். பெயர்களின் புள்ளிவிவரப் பட்டியல் நம்மிடம் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் காலத்துக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலிரண்டு இடங்களும் நூற்பாவாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

சான்றுகளும் துணை வருகின்றன. ஐங்குறுநூற்றில் பாலை பாடியவர் ஓதலாந்தையார். போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பாடியவர் சாத்தந்தையார். புறநானூற்று 71ஆம் பாட்டில், போருக்குப் புறப்படும் பூதப்பாண்டியன், தோற்றால் தன் நண்பர்களின் நட்பை இழப்பேனாக என்று வஞ்சினம் கூறி நண்பர்களை வரிசைப்படுத்துகிறான். அந்த ஒரே வரிசையில் மன்னெயில் ஆந்தை ஒருவன், ஆதன் அழிசி ஒருவன். சபதம் செய்கிற பாண்டியன் பெயரில் பூதன். தொல்காப்பியர் தனியே எடுத்து வைத்த இரண்டு பெயர்களும் ஒரே பாட்டில் சந்தித்துக்கொள்வது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கொங்குப் பகுதியில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேளாளக் கவுண்டர்களின் கூட்டப் பெயர்களில், அதாவது குலப்பிரிவுப் பெயர்களில், ஆந்தை, சாத்தந்தை, கண்ணந்தை, பொருளந்தை என்று இருப்பதை அவர்தான் எடுத்துக் காட்டினார். அந்த இலக்கண அச்சில் வார்த்தவை போலவே அவை இருக்கின்றன. திருமணப் பேச்சில் கூட்டம் விசாரிக்கும்போது நாள்தோறும் புழங்குகிற சொற்கள். சொல்பவர்களுக்கு அது புணர்ச்சி விதி என்பது தெரிய வேண்டியதில்லை.

பிள்ளையின் பெயரால் தந்தையை அழைக்கும் இந்த வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போய்விடவில்லை. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில் 'முருகேசு அப்பா' என்றுதான் என் அப்பத்தா தாத்தாவைக் கூப்பிடுவார். ஆக, மகனுக்கு ஆதன் என்று பெயர் வைத்த நாளில் நான் இலக்கணப்படி ஆந்தை ஆகிவிட்டேன். இதைக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரவில் தூங்காமல் விழித்துக் கிடந்து படிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தொல்காப்பியரே தேடித் தந்திருக்கிறார் என்றார். அகராதி அன்றோடு அலமாரிக்குத் திரும்பியது. மனைவியின் கைபேசியில் என் எண் இன்றுவரை 'ஆந்தை' என்றே இருக்கிறது.

நடைமுறைத் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். பெயர் வைக்க நினைப்பவர்கள் யாராவது படிக்கக்கூடும். பிறப்பைப் பதிவு செய்தபின் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம் என்பதால் நாங்கள் அவசரப்படவில்லை. அப்படியும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிக்கிக்கொண்டோம். ஒரே ஏ போட்டால் அதன் என்று படிக்கிறார்கள். டி (D), எச் போட்டால் வடக்கிலிருந்து வருபவர்கள் அழுத்தமாக ஒலிக்கிறார்கள். அவற்றின் இடத்தில் டகரத்துக்கான மற்ற எழுத்தை (T) போட்டால் ஆட்டன் என்றும் ஈத்தன் என்றும் ஆகிறது. தொழுகை அழைப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லோ என்று ஒருவர் மரியாதையோடு கேட்டார். ஆதாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஓர் அலுவலகத்தில் பெயர் என்ன என்று கேட்டு நான் ஆதன் என்றதும், "ஆதார் பிறகு, முதலில் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்கள். இறுதியில் இரண்டு ஏ, டி, எச், ஏ, என் என்று முடிவு செய்தோம். தமிழில் மூன்றெழுத்து, ஆங்கிலத்தில் ஆறு.

கீழடிச் செய்திகள் பரவியபின் இந்தப் பெயரை வைப்பவர்கள் அங்கங்கே தென்படுகிறார்கள் என்பது என் காதுக்கு எட்டிய அளவிலான கணக்கு. முன்பெல்லாம் ஷகரமோ ஜகரமோ இல்லாத பெயரை நவீனமாகக் கருதாத பெற்றோரே என்னைச் சுற்றி இருந்தார்கள். இப்போது இரண்டசை, மூன்றசையில் சிறிதாக, கூப்பிட எளிதாக, கொஞ்சம் பழையதாக ஒரு தமிழ்ப் பெயர் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். ஆதனுக்குச் சாதகமான காற்று. அரிய பெயர் என்று நான் பெருமையடித்துக்கொண்ட காலம் முடிந்துகொண்டிருக்கலாம் என்ற சின்ன வருத்தமும் உண்டு. அந்த வருத்தம் அற்பமானது என்று தெரிந்தேதான் படுகிறேன்.

இந்த ஜூனில் அது உறுதியாயிற்று. பள்ளி திறந்த முதல் வாரம், மகனின் வகுப்பில் இன்னோர் ஆதன் சேர்ந்திருக்கிறான் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களும் மாறிப்போனதால், இனிமேல் பெயரோடு அப்பாவின் முன்னெழுத்தையும் சேர்த்துப் போட்டு அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். என் பெயர் குகரத்தில் தொடங்குவது.

சனிக்கிழமை மாலை டப்பாவை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் உள்ள பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டும் பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "என்ன பேரு?" என்றார். 'கு ஆதன்' என்றேன். அவர் ஆதவனா என்று கேட்கவில்லை; பொருளும் கேட்கவில்லை. கருவியின் முனை மூடியின் விளிம்பை ஒட்டிக் கிறுகிறுவென்று ஓடியது. முதல் எழுத்தை முடித்ததும் கையை நிறுத்தி, "புள்ளி வைக்கணுங்களா?" என்று கேட்டார்.

வைத்துவிடுங்கள் என்றேன்.